மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் தலைக்குள் கரண்ட் அடித்தால்

(திரையில்: காலியான மாத்திரை அட்டை ஒன்று, மேசை மேல்.)

கண்ணை மட்டும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்புகிறீர்கள், தலைக்குள் சுர்ரென்று ஒரு கரண்ட் ஓடி நின்றுவிடுகிறது. வலி என்று சொல்ல முடியாது, மயக்கமும் இல்லை. வீட்டில் சொன்னால் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். குளித்தேன். அப்புறமும் அடித்தது.

மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராமை இரண்டு வருடம் போட்டுவிட்டு, 'நன்றாகத்தானே இருக்கிறோம்' என்று நானாகவே ஒரு திங்கட்கிழமை நிறுத்தினேன். வியாழக்கிழமை இந்தக் கரண்ட் வந்தது. கூடவே தலைக் கிறுகிறுப்பு, குமட்டல், காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல்காரன் மாதிரி உடம்பு வலி, விடிய விடிய கனவு, டீ ஆறிப்போனதற்கெல்லாம் கோபம். பார்க்கப் போன டாக்டர் ஒருவர், நோய் திரும்பிவிட்டது, இனி ஆயுசுக்கும் மாத்திரைதான் என்றார். நான் நம்பிவிட்டேன். இந்த வீடியோ எடுப்பதே அந்த இடத்துக்காகத்தான்.

நோய் திரும்புவது வேறு, மருந்து விலகும்போது வரும் தொந்தரவு வேறு. எப்படிப் பிரிப்பது? முதலில் நாளைப் பாருங்கள். விலகல் தொந்தரவு பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களிலேயே வந்துவிடும்; மனச்சோர்வு வாரம், மாதம் என்று மெல்லத்தான் ஊர்ந்து வரும். அப்புறம், முன்பு உங்களுக்கு இல்லாத சங்கதி ஏதாவது புதிதாக இருக்கிறதா? தலைக்குள் கரண்ட் அடிப்பது மனச்சோர்வின் அறிகுறி கிடையாது. கடைசியாக, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தால் ஓரிரு நாளில், சில நாளில் அடங்குகிறது என்றால் அது விலகல்தான். நோயாக இருந்தால் மருந்து வேலை செய்யவே சில வாரம் ஆகும்.

அப்படியென்றால் அடிமையாகிவிட்டேனா என்று கேட்பார்கள். இல்லை. நீங்கள் அந்த மாத்திரைக்கு ஏங்கவில்லை, டோஸைக் கூட்டிக்கொண்டே போகவில்லை. மூளை அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். தறி ஓடும் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், கரண்ட் போய்த் தறி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதே குரலில் கத்திக்கொண்டிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? மருந்து நாள் கணக்கில் வெளியேறிவிடும். மூளை பழைய குரலுக்கு வர வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்களும் ஆகும்.

எந்த மருந்து என்பதும் முக்கியம். வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்து உடம்பில் சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால் காலை மாத்திரையை மறந்தால் சாயங்காலமே சிலருக்குத் தெரிந்துவிடும். பராக்சிடினும் அடாவடிதான். எஸ்சிட்டலோபிராம் பாதியாக ஒரு நாளுக்குச் சற்று மேல். ஃப்ளுவாக்சிடின் மட்டும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கித் தானாகவே மெல்ல இறங்கும்.

எல்லோருக்கும் வருமா? 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் ஜெர்மன் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு. ஒப்பிடுவதற்காகத் தந்த, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு இருந்தது! கடுமையான தொந்தரவு ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு. வருடக்கணக்கில் மாத்திரை எடுத்தவர்கள் அந்த ஆய்வுகளில் குறைவு என்ற விமர்சனமும் உண்டு, அது நியாயமானது என்றுதான் எனக்கும் படுகிறது.

(திரையில்: செங்குத்தாக ஏறி, பிறகு படுத்துவிடும் வளைகோடு.)

இப்போது முக்கியமான விஷயம். மாத்திரையைக் குறைப்பதென்றால் நமக்குத் தோன்றுவது: 20 மில்லிகிராமைப் பத்தாக்கு, பத்தை ஐந்தாக்கு, ஐந்தை நிறுத்து. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? மூளைக்கு அப்படி இல்லை. 2019இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அதே இதழில் இதை எழுதினார்கள். எஸ்சிட்டலோபிராமின் உடன்பிறப்பான சிட்டலோபிராமை 20 மில்லிகிராம் போட்டால், மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சும் வாசல்களில் சுமார் 80 சதவீதம் அடைபடுகிறது. 9 மில்லிகிராமுக்கு இறக்கினாலும் 70 சதவீதம். அதாவது பாதிக்கு மேல் குறைத்தும் பத்துதான் போனது. 5.4இல் 60, 2.3இல் 40, 0.8 மில்லிகிராமில்கூட 20 சதவீதம். ஐந்திலிருந்து பூஜ்யத்துக்குத் தாவினால் கிட்டத்தட்ட 60 சதவீதத்தை ஒரே ராத்திரியில் பிடுங்குகிறீர்கள்.

சாம்பாரை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பே இல்லாததில் ஒரு சிட்டிகை போட்டால் நாக்கு உடனே கண்டுபிடிக்கும், ஏற்கனவே கரிக்கிற சாம்பாரில் இன்னொரு சிட்டிகை விழுந்தால் யாருக்குத் தெரியும்?

அதனால் கீழே வர வர அடிகள் சின்னதாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்போது எடுக்கிற அளவில் ஒரு பங்கை மட்டும் குறைத்து, உடம்பு அடங்கும்வரை அங்கேயே நின்று, பிறகு அடுத்த படி. மருத்துவ வழிகாட்டுதல்களை எழுதும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வழியைத்தான் சொல்கிறது. நெதர்லாந்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் மாத்திரைகளைச் சரமாகவே கட்டித் தருகிறார்கள். நம்மூர் மெடிக்கலில் எதிர்பார்க்க முடியாது, திரவ மருந்து கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள், மாத்திரையை உடைக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்கக் கூடாது, பொடிக்கவும் கூடாது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது நம்மிடம் ரொம்பப் பிரபலம். சீக்கிரம் வெளியேறும் மருந்துகளுக்கு அது நாளுக்கு நாள் ஊஞ்சல் ஆட்டம், நானும் ஆடிப் பார்த்தேன், வேண்டாம்.

இன்னொன்று, உடனே எழுந்து போய் உங்கள் அட்டையைப் புரட்டிப் பாருங்கள். இங்கே எஸ்சிட்டலோபிராமையும், பதற்றத்துக்குத் தரும் குளோனாசெபாம் என்ற மருந்தையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். குளோனாசெபாம் இருந்தால் சட்டென்று நிறுத்தவே கூடாது, வலிப்பு வரலாம்.

ஏற்கனவே நிறுத்திவிட்டுத் திண்டாடுகிறீர்கள் என்றால், டாக்டரிடம் பேசி, கடைசியாகச் சரியாக இருந்த அளவுக்குத் திரும்புங்கள், அங்கிருந்து மெதுவாக இறங்கலாம். திரும்பப் போடுவது தோல்வி கிடையாது. கிறுகிறுப்பு இருக்கும்வரை பைக்கைத் தொடாதீர்கள். குடியைத் தள்ளி வையுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது, 'இன்னும் சில வாரம் நான் எரிந்து விழுந்தால் மாத்திரை குறைப்பதால்தான்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை மிச்சமாகும். தங்கை கல்யாணம், பரீட்சை என்று இருக்கிற மாதத்தில் குறைக்கத் தொடங்காதீர்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனை. ராத்திரி இரண்டு மணியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நான் வேறு டாக்டரிடம் போய் மறுபடி 10இல் ஆரம்பித்தேன். ஒரு சின்ன நோட்டில் தேதி, அளவு, தூக்கம், கரண்ட் எத்தனை தடவை என்று எழுதிவைத்தேன், அவர் முதலில் பார்த்ததே அந்த நோட்டைத்தான். 10இலிருந்து ஐந்துக்கு இரண்டு மாதத்தில் வந்துவிட்டேன். ஐந்திலிருந்து பூஜ்யத்துக்கு வர ஏழு மாதம் ஆனது.