செங்கல்லுக்கும் ஒரு குறிப்பு வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்று ஒரு சிற்றூர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் கோயில் எடுத்தான். வாசலுக்குப் பக்கத்தில் வடமொழியில் சின்னதாக ஒரு கல்வெட்டு உண்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் இது என்று அது சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய பட்டப்பெயர்.

குடைவரைக் கோயில்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இந்தக் கல்வெட்டைச் சொல்லாமல் விடமாட்டார்கள். மன்னனுடைய புதுமைக்குச் சாட்சியாகச் சொல்வார்கள். நான் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடும் தொழிலில் இருப்பவன். எனக்கு அது ஒரு சாமான் பட்டியலாகத்தான் படுகிறது. மன்னன் வேண்டாம் என்று ஒதுக்கிய நாலு பொருளை வைத்துத்தான் அதுவரை நாட்டில் எல்லாரும் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டான். சரி, அந்த நாலு பொருளில் கட்டிய கோயில்களும் மாளிகைகளும் வீடுகளும் எங்கே? மரம் மக்கிவிட்டது. இரும்பு துருவாகப் போய்விட்டது. செங்கல்லைப் பின்னால் வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்ணுக்குள் மிச்சம் இருப்பது உடைசல். அந்த உடைசலை எப்படிக் குறித்துவைக்கிறோம், குறிக்காமல் விட்டால் எது போகும் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்று சும்மா சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே ரயில் பாதை போட்டவர்களுக்கு அடியில் கொட்ட ஜல்லி தேவைப்பட்டது. ஹரப்பா மேடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சுமார் 100 மைல் பாதைக்கு வேண்டிய செங்கல் அங்கிருந்து போனதாக இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவர் அலெக்சாண்டர் கன்னிங்காம் எழுதிவைத்திருக்கிறார். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட நகரத்தின் மேல்பகுதி தண்டவாளத்துக்கு அடியில் போய்விட்டது. நம் பக்கமும் ஒன்றும் குறைச்சல் இல்லை. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கல்லை எடுத்துத்தான் கட்டினார்கள். அணை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. எடுத்த கல்லுக்கு ஒரு கணக்கு எழுதியிருந்தால் இன்று அந்த மதிலைத் தாளிலாவது நிறுத்திப் பார்த்திருக்கலாம்.

செங்கல் வருவதற்கு முன்னால் கட்டினவர்களைத் தேடுவது இன்னும் கடினம். திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது புதிய கற்கால மக்கள் குழி தோண்டி அதற்குள் குடியிருந்த தடயங்கள் கிடைத்தன. இப்படிப்பட்ட இடங்களில் சுவரும் கூரையும் கையில் கிடைக்காது. கம்பு நட்ட இடத்தில் மண்ணின் நிறம் மட்டும் மாறியிருக்கும். வட்டமாக, கொஞ்சம் கறுப்பாக, தொட்டால் சுற்றியுள்ள மண்ணைவிடப் பொலபொலவென்று இருக்கும். கொத்துக்காரர் கவனிக்காமல் ஒரு கொத்துப் போட்டுவிட்டால் வீடே போயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூங்கில் தட்டி கட்டி மண் பூசிய வீடு சாதாரணமாக மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிடும். அது தீப்பிடித்து எரிந்திருந்தால் பூச்சு மண் வெந்து கெட்டியாகி, மூங்கிலும் நாணலும் பதிந்த தடத்தோடு அப்படியே தங்கிவிடும். வீட்டுக்காரனுக்கு நேர்ந்த கேடு நமக்கு ஆவணமாகிவிடுகிறது.

செத்தவர்களுக்கு மட்டும் கல். சென்னையைச் சுற்றி, குன்றத்தூர், பல்லாவரம், செங்கல்பட்டு என்று எங்கே போனாலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உண்டு. மதுராந்தகம் அருகே சாணூரில் 1950-களில் முறையாக அகழ்ந்து அறிக்கையும் வெளியிட்டார்கள். கல்லறைகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் பெரிய ஊர்கள் இருந்திருக்க வேண்டும். அந்த ஊர்களின் வீடுகள்தான் அகப்படவே மாட்டேன் என்கின்றன.

செங்கல்லுக்கு வருவோம். செங்கல்லைப் போலப் பேசும் பொருள் அகழாய்வில் குறைவு என்பது என் கட்சி. சிந்துவெளிச் செங்கல்லின் கனம், அகலம், நீளம் மூன்றும் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற விகிதத்தில் இருக்கும். 7 சென்டிமீட்டர் கனம் என்றால் 14 அகலம், 28 நீளம். ஊருக்கு ஊர் இந்த விகிதம் மாறவில்லை என்பதிலிருந்துதான் அந்த மக்களுக்குள் பொதுவான ஒரு அளவுமுறை இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. சானுதாரோ என்ற சிந்துவெளி ஊரில் 1935-36-இல் எர்னஸ்ட் மக்கே அகழ்ந்தபோது ஒரு செங்கல் கிடைத்தது. அறுத்துக் காயவைத்த ஈரக்கல்லின் மேல் ஒரு பூனை ஓடியிருக்கிறது, அதைத் துரத்திக்கொண்டு ஒரு நாய் ஓடியிருக்கிறது. நாயின் தடம் பூனையின் தடத்தை லேசாக மிதித்திருப்பதால் யார் முன்னால், யார் பின்னால் என்பதுகூடத் தெரிகிறது. யாரோ அந்தக் கல்லைத் திருப்பிப் பார்த்ததால் நமக்கு இது தெரியும். திருப்பிப் பார்க்காமல் குப்பைமேட்டுக்குப் போன கற்கள் எத்தனையோ.

கீழடியைப் பற்றி நேயர்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகளுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே கிடைத்த கூரை ஓடுகளுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஓட்டின் மேற்பரப்பில் விரலால் இழுத்த வரிப்பள்ளங்கள் இருக்கும். மழைநீர் அதன் வழியே வழிந்து இறங்குவதற்காக ஈரமண்ணில் இழுத்தது. மேல் ஓரத்தில் இரண்டு துளை. கயிறு கோத்து மரச்சட்டத்தோடு கட்டுவதற்கு. இந்த ஓடு ஒன்றை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்லலாம் பாருங்கள். கூரை சாய்வாக இருந்தது, அடியில் மரச்சட்டம் இருந்தது, மழைக்கு எப்படித் தண்ணீர் வடியவேண்டும் என்று யோசித்துச் செய்த கைவினைஞர் இருந்தார். அங்கே எடுத்த செங்கல், காரை மாதிரிகளை வேலூர் தொழில்நுட்ப நிறுவனத்தில் சோதித்தார்கள். செங்கல்லில் மணற்சத்து சுமார் 80 விழுக்காடு, சுண்ணாம்பு சுமார் 7 விழுக்காடு என்று வந்தது. 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது.

இது நல்ல முன்மாதிரி. எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல அறிக்கைகளில் மணிக்கும் காசுக்கும் வண்ணப்படத்தோடு தனி அத்தியாயம் இருக்கும். செங்கல்லுக்கு ஒரே ஒரு வரி, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, கனம் இவ்வளவு. எத்தனை கல்லை அளந்து அந்த எண் வந்தது? சராசரியா, அகப்பட்ட ஒரே முழுக்கல்லா? மண்ணில் உமி கலந்திருந்ததா? உமி கலந்த மண்ணைச் சுட்டால் உமி எரிந்துபோய் அதன் வடிவத்தில் சிறு பொந்து நிற்கும். அதைப் பார்த்து அந்த ஊரில் நெல் இருந்தது என்று சொல்லிவிடலாம். உடைத்துப் பார்த்தால் நடுவில் கறுப்பாக இருக்கிறதா? இருந்தால் சூளையில் சூடோ காற்றோ போதவில்லை. ஒரு வரியில் இதெல்லாம் அடங்குமா?

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், சாளுவன்குப்பத்தில், நல்ல உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பரில் வந்த சுனாமி அங்கே மணலை அரித்துக்கொண்டு போனதில், மறைந்திருந்த பாறைக் கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதில் திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலைப் பற்றிய குறிப்பு. அடுத்த ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்ததும் பல்லவர் காலத்துக் கோயில் வந்தது. அதற்கும் அடியில் முழுக்கச் செங்கல்லாலான இன்னொரு கோயில். அது சங்க காலத்தது என்று அகழ்ந்தவர்கள் சொன்னார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது செங்கல்லின் அளவு. பூம்புகார், உறையூர், அரிக்கமேடு ஆகிய இடங்களில் கிடைத்த பெரிய கற்களோடு இது ஒத்துப்போகிறது என்றார்கள். ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். நான் இதில் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் அளவை மட்டும் வைத்துக் காலம் சொல்வதில் ஒரு வழுக்கல் உண்டு. பழைய கட்டடத்தின் கல்லைப் பெயர்த்துப் புதிதாகக் கட்டுவது நம் ஊரில் காலங்காலமாக நடப்பது. கல்லின் வயது ஒன்று, சுவரின் வயது வேறு. கல்லில் பழைய காரை ஒட்டிக்கொண்டிருந்து, அதன் மேல் வேறு நிறக் காரை இருந்தால் அது இரண்டாம் முறை பயன்பட்ட கல் என்று தெரியும். அதனால்தான் கல்லைக் கழுவுவதற்கு முன் பார்த்து எழுத வேண்டும் என்கிறேன். வெப்ப ஒளிர்வு முறையில் சோதித்தாலும் அந்தக் கல் கடைசியாக எப்போது சூடு கண்டது என்றுதான் விடை வரும். எப்போது சுவரில் ஏறியது என்று வராது.

இடிப்பதற்கு முன் எழுதிவைக்க வேண்டும் என்பது மேல்நாட்டார் வந்து சொல்லிக்கொடுத்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகளை எல்லாம் முதலில் புத்தகத்தில் படி எடுக்கச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்தப் பொறுப்பு இருந்திருக்கிறது. எழுத்தைக் காப்பாற்றினார்கள், பழைய கல் என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. போகட்டும், அவ்வளவாவது செய்தார்களே.

இப்போது நம் சென்னைக்கு வருகிறேன். மண்ணடியிலோ சவுகார்பேட்டையிலோ மயிலாப்பூரிலோ ஒரு பழைய மாடி வீட்டை இடிக்கும்போது தெருவில் நின்று மேலே பாருங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். அதன் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் கிடையாகப் படுக்கவைக்காமல், விளிம்பில் நிறுத்தி, கட்டைக்குக் குறுக்கே சாய்வாக வரிசை பிடித்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்கலைப் பாடங்களில் ஊர்ப் பெயரோடு வரும் தளம் இதுதான். வெயிலுக்கு இதைப்போலக் குளுமையான தளம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

சுவர்ப்பூச்சும் அப்படித்தான். கடற்கரையில் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, செக்கில் அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். வந்த வெள்ளைக்காரர்கள் பளிங்கு என்று ஏமாந்தார்கள்.

இதையெல்லாம் காப்பாற்றிப் பழுதுபார்க்க வேண்டுமானால் முதலில் அதில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். 2012 ஜனவரியில் தீப்பிடித்த சேப்பாக்கம் கலச மஹாலைச் சுண்ணாம்புக் காரை கொண்டுதான் புதுப்பித்தார்கள். பழைய காரைத் துண்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், மணல் மிஞ்சும். சலித்து நிறுத்தால் கலவை விகிதம் கிடைக்கும். கரைக்கும் முன் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட வேண்டும். சரியாக வேகாத கிளிஞ்சல் துணுக்கு இருந்தால் அமிலத்தில் அதுவும் கரைந்துவிடும், எந்தச் சுண்ணாம்பு என்ற தடயம் போய்விடும்.

மங்களூர் ஓடு கிடைத்தால் உங்கள் வேலை இன்னும் சுலபம். அடிப்பக்கத்தைத் திருப்பினால் தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மறைப்பணி அமைப்பு 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. முத்திரையில் எந்தப் பெயர் என்று பார்த்தாலே ஓடு போருக்கு முன்னதா பின்னதா என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம்.

உங்கள் தாத்தா வீட்டை இடிக்கப் போகிறீர்களா? இடித்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் சண்டை இல்லை. மேஸ்திரியிடம் ஒரு அரை நாள் மட்டும் கேளுங்கள். பூச்சு உதிர்ந்த சுவரில் பத்து வரி செங்கல்லின் மொத்த உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். முழுக்கல்லாக இருபதைத் தனித்தனியே அளங்கள். ஒவ்வொரு அளவையும் எழுதுங்கள், சராசரியை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். கல்லின் கனத்தைப் பத்தால் பெருக்கி அந்த உயரத்திலிருந்து கழித்தால் காரை இடைவெளி மொத்தம் எவ்வளவு என்று யாரும் கண்டுபிடித்துக்கொள்வார்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், பேனாவையோ கையையோ வைத்தால் பின்னால் வருகிறவருக்குப் பயன்படாது. ஒரு முழுக்கல், ஒரு கைப்பிடி காரை, ஒரு ஓடு. ஒவ்வொன்றும் தனிப் பையில். சீட்டில் தெரு, வீடு, தேதி எழுதி, வீட்டின் எந்தப் பக்கத்துச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்பதையும் சேருங்கள். சீட்டு இரண்டு வேண்டும், ஒன்று பைக்குள்ளே, ஒன்று வெளியே கட்டுவதற்கு. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை சென்னை ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது.

வணக்கம்.