பில்லின் பின்பக்கத்தில் ஒரு பிளாட் கணக்கு

சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னாடி நிற்பது தண்ணீர் டேங்கர். பெங்களூரு ஹொரமாவு பக்கம் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில்தான் நின்று பேசுகிறேன்.

விஷயம் என்னவென்றால், என் மச்சான் தர்மபுரிக்காரர், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. "வாடகைக்கு விட ஒரு டூ பெட்ரூம் வாங்கிப் போடலாம் மாமா, வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிடும்" என்றார். நேற்று ராத்திரி டிபன் கடையில் பில்லைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதினோம். இதோ, சாம்பார் கறையோடு.

பிளாட் 80 லட்சம், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அதாவது 64 லட்சம். மீதி 16 லட்சம் நம் கையில் இருந்து. மச்சான் அதோடு பேனாவை மூடிவிட்டார், நான் பிடுங்கிக்கொண்டேன்.

கட்டி முடியாத வீடு, அதனால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 4 லட்சம். கர்நாடகாவில் 45 லட்சத்துக்கு மேல் முத்திரைத் தீர்வை 5 சதவீதம். செஸ், சர்சார்ஜ் சேர்ந்தால் 5.6. பதிவுக் கட்டணமும் 2025 ஆகஸ்ட் கடைசியில் 1ல் இருந்து 2 சதவீதமாகிவிட்டது. ஆக 7.6 சதவீதம், 6 லட்சத்து 8 ஆயிரம். இதை வீட்டு மதிப்பில் சேர்த்து வங்கி கடன் தராது. 16, 4, 6 எல்லாம் சேர்ந்து நம் கையில் இருந்து 26 லட்சம் ஆச்சா? பார்க்கிங், கிளப்ஹவுஸ் என்று பில்டர் நீட்டும் தாள் தனி.

8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்று போட்டால் மாதம் சுமார் 55,500. வட்டி மட்டுமே 69 லட்சத்துக்கு மேல். வாடகை 25,000 வருகிறது என்றே வைப்போம், மாதாமாதம் 30,000 துண்டு விழுகிறது. புது வரி முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால்? அதை எழுத பில்லில் இடமில்லை.

இனி இந்த டேங்கர் கதை. நான் வாங்கியபோது சாவி இரண்டு வருஷம் தள்ளி வந்தது. அதுவரை குடியிருந்த வீட்டு வாடகையும் கட்டினேன், பில்டருக்குப் போன கடனுக்கு வட்டியும் கட்டினேன். சாவியோடு ஓசி, அதாவது குடியேறும் சான்றிதழ், வரவில்லை. "அடுத்த மாதம் சார்" என்றார்கள். அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை, காவிரித் தண்ணீரும் வரவில்லை. ஓசி இல்லாமல் மின்சாரம், தண்ணீர் இணைப்பு கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஓசி வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. அதனால் மாதிரி வீட்டின் சோபாவில் உட்காருவதற்கு முன்னால் ரெரா எண்ணையும், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டம் பதிவான எண்ணையும், ஏ காத்தாவா பி காத்தாவா என்பதையும் கேளுங்கள். காத்தா என்பது மாநகராட்சியின் சொத்துப் பதிவு; அனுமதிகள் ஒழுங்காக இருந்தால் ஏ, குறை இருந்தால் பி. பி காத்தா என்றாலே பல வங்கிகள் தயங்கும்.

சரி, மச்சான் பில்லை மடித்துப் பர்ஸில் வைத்தார். காபி முடிந்த பிறகுதான் மெதுவாகச் சொன்னார், போன வாரமே ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் பில்டரிடம் கொடுத்துவிட்டாராம். ரசீது எங்கே என்றேன். வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரல் இருக்கிறது என்றார். நாளைக் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் போய்க் கேட்கப்போகிறோம். கேமராவை உள்ளே விட்டால் காட்டுகிறேன்.