வைத்தியசாலைக்குள் ஒரு சட்டத்தரணி

நேயர்களுக்கு வணக்கம். வைத்தியசாலையில் சட்டப் பிரிவுக்கு என்ன வேலை என்று கேட்டால், வழக்கு வந்தால் பதிலளிப்பது என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் அரச வைத்தியசாலை தொடர்பான வழக்கில் அரசுக்காகத் தோன்றுவது சட்டமா அதிபர் திணைக்களம். ஆகவே, வைத்தியசாலைச் சட்டப் பிரிவின் பெறுமதியான வேலை நீதிமன்றப் படியேறுவதற்கு வெகு முன்னரே, விடுதியில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சம்மதப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். களுவாஞ்சிகுடியிலிருந்து சத்திரசிகிச்சைக்கு வரும் ஒரு தாயிடம், அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட தாளை நீட்டிக் கையொப்பம் வாங்கினால், அது அவரையும் காக்காது, வைத்தியரையும் காக்காது. தமிழும் சிங்களமும் பேசும் மக்கள் வாழும் அம்பாறை மாவட்டத்தில், எந்த ஆபத்தை யார் எந்த மொழியில் விளக்கினார் என்பது படிவத்திலேயே பதியப்பட வேண்டும். அத்தகைய படிவத்தை வரைவதோடு நில்லாமல், தாதிய உத்தியோகத்தர்களையும் பயிற்சி வைத்தியர்களையும் அதற்குப் பழக்குவதும் சட்ட உத்தியோகத்தரின் பொறுப்பே.

விடுதியில் பி.எச்.ரி. என்று அழைக்கப்படும் நோயாளியின் பதிவேடும் அவ்வாறே. நள்ளிரவில் நோயாளியைப் பார்த்த வைத்தியர் நேரத்தைக் குறிக்காமல் ஒரு வரி எழுதிச் சென்றால், பின்னர் எது எப்போது நடந்தது என்பதை எவராலும் நிறுவ முடியாது. பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம், வைத்தியரின் கவனயீனம் காணப்பட்டாலும் அதுவே குழந்தையின் மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. காரணத்தைத் தேடும் இடமே பதிவேடுதான். அதனால் அதன் நேர்மை இரு தரப்பினருக்கும் உயிரானது.

நோயாளியின் பரிசோதனை அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதையும் சட்டப் பிரிவு தடுத்தாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமே, எழுத்துமூலச் சம்மதமின்றி ஒருவரின் மருத்துவப் பதிவுகள் வெளிப்படுவதை அனுமதிக்கவில்லை.

ஒன்றை நேயர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். சட்ட உத்தியோகத்தர் எவ்வளவு நல்லவராயினும் அவர் நிறுவனத்தின் சட்டத்தரணியே. நோயாளிக்காக வாதாடுபவர் அல்லர். பாதிக்கப்பட்டவர், வசதி குறைந்தவராயின், சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நட்டஈடு கோரும் வழக்குக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகளே காலவரையறை என்பதால், வைத்தியசாலையின் பதில் வரட்டும் என்று நாட்களைக் கடத்தாமல் முதலிலேயே ஆலோசனை பெறுங்கள்.