தாகம் என்றால் தாகம்தான்

மதுரை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இன்று பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கும் நாள். நடுப்பகலில் நம் ஊர்ச் சபைகள் பலவற்றில் மும்மணி ஆராதனை நடக்கும். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். சிலுவையில் இயேசு பேசியதாக மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து ஏழு வார்த்தைகள், அதாவது ஏழு வாசகங்கள், இருக்கின்றன. ஏழுக்கும் ஏழு பிரசங்கம், நடுவில் ஜெபம், கீர்த்தனை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரு நாட்டு லிமா நகரில் இயேசு சபைக் குரு ஒருவர் தொடங்கிய வழக்கம் இது என்பார்கள். கத்தோலிக்கரிடம் பிறந்ததை இன்று எங்களைப் போன்ற சீர்திருத்தச் சபைக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஏழில் ஐந்தாவதுதான் என் விஷயம். "தாகமாயிருக்கிறேன்." யோவான் 19ஆம் அதிகாரம், 28ஆம் வசனம்.

பிரசங்கம் பண்ணுகிறவர்களிடம் இதற்கு அவ்வளவாகக் கிராக்கி கிடையாது. முதல் வார்த்தை கிடைத்தவருக்கு மன்னிப்பு இருக்கிறது. இரண்டாவதில் கள்ளன் கதை, மூன்றாவதில் தாய்ப்பாசம். ஐந்தாவது கிடைத்தவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "இது சரீரத் தாகம் அல்ல, ஆத்துமாக்கள் மேல் உள்ள தாகம்" என்று ஒரே தாவாகத் தாவிவிடுவார். எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வரும். ஆத்தும தாகம் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? முதலில் தாகம் என்றால் தாகம்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முந்தின ராத்திரி தூக்கமில்லை. வீட்டுக்கு வீடு, அரண்மனைக்கு அரண்மனை இழுத்து விசாரணை. வாரினால் அடி. மாற்கு சொல்லும் கணக்குப்படி காலை ஒன்பது மணிக்கே ஆணி அடித்தாயிற்று. ரத்தம் போன உடம்பு முதலில் கேட்பது தண்ணீரைத்தான். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு இது தெரியும். வேதாகமத்தில் 22ஆம் சங்கீதம் சொல்வதுபோல, பெலன் மண்ணோட்டைப்போலக் காய்ந்து, நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்ட நிலை. அவருடைய உடம்பு வெறும் தோற்றம், அவருக்கு வலிக்கவே இல்லை என்று சொன்னவர்கள் ஆதிச் சபைக் காலத்திலேயே இருந்தார்கள். சபை அதை ஒப்புக்கொள்ளவில்லை. வலித்தது, தாகம் எடுத்தது. தாகத்தைச் சட்டென்று ஆவிக்குரியதாக்கிவிட்டால் நாமும் அவர்கள் பக்கம் போய்விடுவோம்.

இன்னொரு விஷயம். ஆணி அடிக்குமுன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தார்கள். வலி தெரியாமல் இருக்கக் கொடுப்பது. அதை அவர் வாங்கவில்லை. கடைசியில் காடியைக் கொடுத்தார்கள், அதை வாங்கிக்கொண்டார். காடி என்பது புளித்துப்போன மலிவான திராட்சரசம். ரோமச் சிப்பாய்கள் தண்ணீர் கலந்து குடிப்பது. அது நிறைந்த பாத்திரம் அங்கேயே இருந்தது என்கிறார் யோவான். யாரோ ஒருவன் அதில் கடற்காளானை, அதாவது கடற்பஞ்சைத் தோய்த்து, ஈசோப்புச் செடியின் தண்டில் மாட்டி வாயருகே நீட்டினான். லூக்கா இதைப் பரிகாசமாகவே காட்டுகிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். யோவானில் பரிகாசம் இல்லை. தாகம் என்றார், கொடுத்தார்கள், குடித்தார்.

2019ஆம் ஆண்டு மதுரைக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஏப்ரல் 18ஆம் தேதி மீனாட்சி தேரோட்டம், அன்றைக்கே நாடாளுமன்றத் தேர்தல், எங்களுக்குப் பெரிய வியாழன். திருவிழாவுக்காக மதுரையில் மட்டும் இரவு எட்டு மணி வரை ஓட்டுப்போடலாம் என்றார்கள். மறுநாள் விடிகாலையில் அழகர் ஆற்றில் இறங்கினார். அன்றைக்குத்தான் பெரிய வெள்ளி. ஐந்தாம் வார்த்தை என் பங்குக்கு வந்திருந்தது. வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோரிப்பாளையம் பக்கம் நடந்து போகிறேன். பஸ் எதுவும் நகரவில்லை. தலைப்பாகையும் துருத்தியுமாக அழகர் வேடம் கட்டினவர்கள் வழியெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சியதில் என் வெள்ளைச் சட்டை பாதி நனைந்துவிட்டது. ஒரு தண்ணீர்ப் பந்தலில் வயதான அம்மா ஒருவர் நீர்மோர் டம்ளரை நீட்டினார்.

"குடிச்சிட்டுப் போங்கய்யா."

எங்கள் வீட்டில் பெரிய வெள்ளி மூன்று மணி வரை பல்லில் பச்சைத்தண்ணீர் படாது. "இன்னைக்கு உபவாசம்மா" என்றேன்.

"தண்ணி குடிக்கக் கூடாதுன்னு ஒங்க சாமியா சொன்னாரு?"

வாங்கிக் குடித்தேன். பெருங்காயமும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட நல்ல மோர். அன்றைக்குப் பிரசங்கத்தில் அதையே சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். இயேசுவின் வாயருகே காடியை நீட்டினவனும் வேறு சாமி கும்பிடுகிறவன்தானே.

அழகர் இறங்கியதும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்தது எப்படி என்று கேட்கலாம். நிலாதான் காரணம். யூதர்களின் பஸ்கா பண்டிகை பௌர்ணமிக் கணக்கு. இயேசு மரித்தது பஸ்கா சமயத்தில். அதனால் மார்ச் 21க்கோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு ஈஸ்டர், அதற்கு முந்தின வெள்ளி இது. அந்தப் பௌர்ணமி சில வருஷம் பங்குனியில் விழும், சில வருஷம் சித்திரையில். சித்திரையில் விழுந்தால் அழகரும் நாங்களும் ஒரே வாரத்தில்தான். 2022இல் எங்களுக்கு வெள்ளி முடிந்து, மறுநாள் சனிக்கிழமை அவர் இறங்கினார்.

அன்னை தெரசா 1950இல் தொடங்கிய சபையின் சிற்றாலயங்களில் சிலுவைக்குப் பக்கத்தில் இந்த ஐந்தாம் வார்த்தையைத்தான் எழுதி வைத்திருப்பார்கள். அந்தச் சகோதரிகள் ஆத்தும தாகத்தையும் பேசுகிறவர்கள்தான். ஆனால் தெருவில் கிடப்பவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசுகிறார்கள். "தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள்" என்று மத்தேயு 25இல் இயேசுவே சொன்ன வரிசை அதுதான்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஆறாவது, ஏழாவது வார்த்தைகளையும் விளக்குவதாக இருந்தேன். "முடிந்தது" என்பது தோற்றவனின் பெருமூச்சல்ல, எடுத்த வேலையை முடித்தவனின் பேச்சு. ஏழாவது 31ஆம் சங்கீதத்தில் இருக்கிறது, வீட்டில் எடுத்து வாசியுங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் இன்று திருப்பலி கிடையாது, பீடத்தில் துணிகூட இருக்காது. அதைப் பற்றியும் பேச வேண்டும், நேரமில்லை. மும்மணி ஆராதனை முடிந்ததும் பல சபைகளில் கஞ்சி ஊற்றுவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் போகலாம். வணக்கம்.