ஃபில்டர் தண்ணீர் வேகமாக வருகிறதா? எந்தப் பக்கத்தைக் குறைப்பது?

(காட்சி: சிறிய கண்ணாடித் தொட்டி. ஒரு ஃபைட்டர் மீன் செடிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது.)

வணக்கம். இந்த ஃபைட்டரைப் பாருங்கள். செடியை விட்டு வெளியே வந்தாலே ஃபில்டர் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகிறது. தாய்லாந்தின் வயல்களிலும் தேங்கிய குட்டைகளிலும் வாழ்ந்த இனம் இது. செவுள் இருந்தாலும், அடிக்கடி மேலே வந்து காற்றையும் விழுங்கியாக வேண்டும். நீண்ட வாலோடு நீரோட்டத்தை எதிர்த்து மேலேறுவது அதற்குப் பெரும்பாடு.

சரி, வேகத்தைக் குறைக்கலாம். முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கை தண்ணீருக்குள் போவது அதற்கு அப்புறம்தான்.

(காட்சி: ஃபில்டரின் உறிஞ்சும் பக்கம், அருகில்)

தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தை மட்டும் அடைக்கவே அடைக்காதீர்கள். மோட்டாரைக் குளிர வைப்பதும், உள்ளே சுழலும் இம்பெல்லர் தேயாமல் காப்பதும் அந்தத் தண்ணீர்தான். வரத்து குறைந்தால் கடகடவென்று சத்தம் வரும், மோட்டார் சூடாகும். வெளியேறும் பக்கத்தைக் குறைத்தால் உள்ளே தண்ணீர் நிறைந்தே இருக்கும், மோட்டாருக்குச் சுமையும் அதிகமாகாது. ஆனால் அதையும் முழுதாக மூடிவிடக் கூடாது.

சிலர் ஃபேன் ரெகுலேட்டரை இணைத்துப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நேரடியாக பிளக்கில் சொருகும் சாதாரண பம்ப், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவோடு சேர்ந்து சுழல்வது. வோல்டேஜைக் குறைத்தால் அதன் வேகம் குறையாது. ஒரு கட்டத்தில் சுழல முடியாமல் நின்று, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடேறிக் கெட்டுப்போகலாம்.

(காட்சி: தண்ணீர் வரும் மூக்கைக் கண்ணாடிப் பக்கம் திருப்புகிறோம்.)

எனக்குப் பிடித்த வழி இதுதான். மூக்கைக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். வரும் தண்ணீர் அதே அளவுதான், ஆனால் கண்ணாடியில் மோதி வேகம் உடைந்துவிடும். போதவில்லை என்றால் வரிசையாகத் துளை போட்ட ஸ்ப்ரே பார் மாட்டுங்கள். ஒரே இடத்தில் பாய்ந்த தண்ணீர் பல துளைகளில் பிரிந்து மெதுவாக விழும். பெரிய கண் உள்ள ஸ்பாஞ்சை மூக்கில் கட்டினாலும் நன்றாக வேலை செய்யும். அழுக்கு அடைக்கும் என்பதால் அடிக்கடி கழற்றி, தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டராக இருந்தால் நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள், தண்ணீர் விழும் உயரம் குறையும்.

எவ்வளவு குறைக்கலாம்? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் வாழ்கின்றன. ஓடும் தண்ணீர் கொண்டுவரும் ஆக்சிஜன்தான் அவற்றுக்கு உயிர். அதனால் மேற்பரப்பில் லேசான அசைவாவது தெரிய வேண்டும். கூடவே வேறு மீன்கள் இருந்து, அவை விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், குறைத்தது அதிகம். கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.