ஸ்டாஃப் நிக்க மாட்டேங்குறாங்களா? முதல்ல உட்கார விடுங்க!

[காட்சி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, சாயங்காலக் கூட்டம். ஜவுளிக்கடை வாசல்.]

வணக்கம் மக்களே! இந்த ரோட்ல எந்த ஓனரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். "ஆளே நிக்க மாட்டேங்குதுங்க. பொங்கலுக்குச் சேர்ந்த பொண்ணு ஆடிக்கு இல்ல." சம்பளம் ஏத்தியாச்சு, தீபாவளிக்குப் புடவை கொடுத்தாச்சு, பர்த்டேக்கு கேக்கும் வெட்டியாச்சு. அப்புறமும் ஏன் போறாங்க?

[காட்சி: ஒரு ஸ்டூல், நெருக்கத்தில்.]

இதோ, இதுல ஆரம்பிக்கலாம். கடைசி வரைக்கும் பாருங்க, ஏன்னா ஸ்டூல் வாங்கிப் போட்ட கடையிலயும் பல இடத்துல அதுல யாரும் உட்கார்றதே இல்ல. அது ஏன்ங்கறதுலதான் விஷயம் இருக்கு.

வரலாறு சட்டுனு முடிச்சிடறேன். பெரம்பூர் பின்னி மில் தொழிலாளிங்களுக்காக 1918 ஏப்ரல் 27-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அன்னிக்கு அவங்க சொன்ன குறைகள்ல ஒண்ணு, மதியச் சாப்பாட்டுக்கு விடுற நேரம் பத்தலங்கறது. அந்த மில்லு இருந்த இடம் இங்கேருந்து ரொம்ப தூரம் இல்ல. ஓய்வு கேக்கறது வடசென்னைக்குப் புதுசு இல்லீங்க.

அடுத்து சட்டம். 1947-ம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 2021-ல 22-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. கடையில வேலை பாக்கற எல்லாருக்கும் உட்கார இடம் இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது அவங்க உட்கார முடியணும். கேரளாவுல 2018-லயே வந்துடுச்சு. அதனால ஸ்டூல் போட்டா தயவு பண்ணதா நினைக்காதீங்க. அது அவங்க உரிமை.

சரி, நின்னா என்ன ஆகும்? நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேல தள்ளும், பம்ப் மாதிரி. ஒரே இடத்துல அசையாம நின்னா அந்த பம்ப் ஓடாது, ரத்தம் கால்லயே தேங்கும். காலையில லூஸா இருந்த கொலுசு ராத்திரி கணுக்கால்ல இறுக்கிப் பதிஞ்சிருக்கும். வருஷக்கணக்கா இப்படியே நின்னா காலு நரம்பு சுருட்டிக்கும். அந்தக் காலோடதான் அந்தப் பொண்ணு கொருக்குப்பேட்டை வரைக்கும் போய், கும்மிடிப்பூண்டி ட்ரெயின்ல மீஞ்சூர் வரைக்கும் மறுபடியும் நின்னுட்டே போகணும்.

இப்போ எந்த ஸ்டூல்? கவுண்டர் மூணு அடி உயரம்னா ஸ்டூல் 24-லிருந்து 26 இஞ்ச் இருக்கணும், கால் வெக்க நடுவுல ஒரு கம்பி வேணும். சாதாரண 18 இஞ்ச் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டா தலையும் தோளும்தான் கவுண்டருக்கு மேல தெரியும். கஸ்டமர் வர்றது சரியா தெரியாதுன்னு பயந்து எழுந்துடுவாங்க. ராக்குக்கும் கவுண்டருக்கும் நடுவுல சந்து குறுகலா இருக்கும், அதனால கவுண்டருக்கு அடியில தள்ளி வெக்கற மாதிரி ஒரு அடி அகலத்துல வாங்குங்க. டைல்ஸ் தரையில வழுக்காம இருக்க காலுக்கு ரப்பர் புஷ் பாத்து வாங்குங்க. பில்லிங்ல நாள் பூரா உட்கார்றவங்களுக்கு முதுகு சாயற சேர்தான் வேணும், ஸ்டூல் சரிப்படாது.

வாங்கிப் போட்டாச்சு. ஆனா ஒருத்தரும் உட்காரல. ஏன்?

[காட்சி: கூரை மூலையில கேமரா.]

இதனாலதான். ஓனர் வீட்லேருந்து மொபைல்ல கேமரா பாக்கறாரு. சூப்பர்வைசருக்கு ஒரு ஃபோன்: "மூணாவது கேமராவுல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கே, யாரு அது?" அவ்ளோதான். ஒரே ஒரு ஃபோன். சாயங்காலத்துக்குள்ள எல்லா ஃப்ளோருக்கும் தெரிஞ்சிடும். மறுநாள் அந்த ஸ்டூல் மேல கட்டைப்பை ஏறி உட்கார்ந்திருக்கும், அதுக்கப்புறம் இறங்காது. என்னைக் கேட்டா, கேக் வெட்டின சந்தோஷம் முழுசையும் அழிக்க அந்த ஒரு ஃபோன் போதும்.

இதை மாத்த நாலு விஷயம் பண்ணணும். காலையில சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி முடிச்சதும் எல்லாரும் கூடி நிப்பாங்க இல்ல, அப்போ ஓனரே வாயால சொல்லணும்: "கஸ்டமர் இல்லாதப்போ உட்காருங்க. வந்தா எழுந்துக்கோங்க. கேமராவுல பாத்து யாரும் கேக்க மாட்டோம்." சூப்பர்வைசர் சொன்னா நம்ப மாட்டாங்க, ஏன்னா ஃபோன் வர்றது அவருக்கு மேலேருந்து. ரெண்டாவது, அன்னிக்கே சூப்பர்வைசர் ஃப்ளோர்ல எல்லாரும் பாக்கற மாதிரி உட்காரணும். அண்ணனே உட்கார்றாருன்னு பாத்தாதான் மத்தவங்களுக்குத் துணிச்சல் வரும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு கஸ்டமர் முப்பது புடவையைப் பிரிச்சுப் பாத்துட்டு "வேணாம்மா"ன்னு போயிடுவாங்க. அந்த முப்பதையும் யாரு மடிக்கிறது? நின்னுட்டே மடிக்கிறாங்க! மடிக்கிறது, விலை டேக் மாட்டறது, பிளவுஸ் பிட் அடுக்கறது, இதெல்லாம் "உட்கார்ந்து பண்ற வேலை"ன்னு அறிவிச்சிடுங்க. சும்மா உட்கார்ந்திருக்கோமேங்கற கூச்சம் போயிடும், கையும் வேலை பாக்கும்.

நாலாவது, ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசன். கஸ்டமர் இல்லாத நேரமே இருக்காது. அப்போ முறை போடுங்க. ஃப்ளோர்ல பத்து பேர்னா, ரெண்டு ரெண்டு பேரா பத்து நிமிஷம் அனுப்பினா அம்பது நிமிஷத்துல எல்லாரும் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்துடுவாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இது நடக்கணும். யார் யார் ஜோடின்னு காலையிலயே எழுதி ஒட்டுங்க. அவசரத்துல வாயால சொன்னா, பயந்த சுபாவக்காரங்களுக்கு முறை வராமலே போயிடும்.

பாத்ரூமுக்கும் இதேதான். பர்மிஷன் கேக்கணும்னா தண்ணி குடிக்கறதையே நிறுத்திடுவாங்க, அப்புறம் நீர்க்கடுப்பு. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட "போயிட்டு வரேன்க்கா"ன்னு சொன்னா போதும்னு வைங்க.

இப்போ, கஸ்டமர் கத்தும்போது. சாயம் போச்சுன்னு ஒருத்தர் அந்தப் பொண்ணை நடுக்கடையில வெச்சுத் திட்டறாரு. நீங்க என்ன பண்ணுவீங்க? கஸ்டமரைச் சமாதானப்படுத்த நீங்களும் சேர்ந்து திட்டினீங்கன்னா, பத்து பேர் பாத்துட்டு இருக்காங்க, பத்து பேரையும் இழந்தீங்க. நடுவுல போய் நில்லுங்க. "அண்ணே, என்கிட்ட சொல்லுங்க, நான் பாத்துக் கொடுக்கறேன்." அந்தப் பொண்ணுகிட்ட, "நீ போய்த் தண்ணி குடிச்சிட்டு வாம்மா." தப்பு அவங்களோடதா இருந்தாலும் அதுக்கு இது நேரம் இல்ல. அப்புறமா மாடிப்படி பக்கம் கூப்பிட்டு, என்ன நடந்துச்சுன்னு முதல்ல கேளுங்க. திருத்திக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணைச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல முடிங்க. மறுநாள் கிளறாதீங்க.

பாராட்டறதுன்னா அன்னிக்கே, நடந்ததைச் சொல்லிப் பாராட்டுங்க. "நல்லா பண்றம்மா" காத்துல போயிடும். "கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட பட்ஜெட்டை முதல்ல கேட்டுக்கிட்ட பாரு, அதனாலதான் வீண் அலைச்சல் இல்லாம முடிச்சாங்க"ன்னா மனசுல நிக்கும்.

சம்பளம் அடுத்த மாசம் 7-ம் தேதிக்குள்ள. இதுல பேச எதுவுமே இல்ல.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, அதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இருக்கறவங்களுக்கு அவங்க பங்கு 0.75 சதவீதம், உங்க பங்கு 3.25. மாசாமாசம் பிடிக்கறோம், ஆனா உடம்பு முடியாம லீவு போட்டா, கட்ட வேண்டிய நாளுக்குப் பணம் கட்டியிருந்தா, இ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிஃபிகேட்டோட வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீதச் சம்பளம் வரும்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கோம்? தெரியாததாலதான் காய்ச்சலோட வந்து கவுண்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. கார்டைக் கையில கொடுக்கும்போதே இதையும் உட்கார வெச்சுச் சொல்லிடுங்க.

நாளைக்கு ஷட்டர் தூக்கினதும் ஒவ்வொரு ஃப்ளோரா ஏறி ஸ்டூலை எண்ணுங்க. ஆளு எத்தனை, ஸ்டூல் எத்தனை, அதுல கட்டைப்பை உட்கார்ந்திருக்கறது எத்தனை? மூணு நம்பரையும் கமெண்ட்ல போடுங்க. கவுண்டர்ல நிக்கற தங்கச்சிங்க யாராவது இதைப் பாக்கறீங்கன்னா, உங்க கடை கணக்கை நீங்களே போடுங்கம்மா. கடை பேரு வேண்டாம்.