பட்டுக்கூட்டுக்குள் மருந்து

வணக்கம். என் கையில் இருப்பது காய்ந்த பட்டுக்கூடு. காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கூட்டுப்புழு கடகடவென்று உருளும். கூடு முழுக்க ஒரே இழைதான். பிரித்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும். இந்தப் பட்டுக்குள் மருந்தை வைத்து, உடம்புக்குள் அதை மெதுவாக வெளியே விடச் செய்வதுதான் எங்கள் வேலை.

அந்த இழையில் இரண்டு புரதங்கள். நடுவில் ஃபைப்ரோயின், மேலே பசையாக செரிசின். எடையில் கால்வாசி இந்தப் பசைதான். சாயம் போடும் முன் பட்டு நூலை அவித்துப் பசை எடுப்பார்களே, ஆய்வுக்கூடத்திலும் முதல் வேலை அதேதான். கூட்டை வெட்டிப் புழுவை எடுத்துவிட்டு, சோடியம் கார்பனேட் கலந்த நீரில் அரை மணி நேரம் கொதிக்க வைப்போம். பசையை மிச்சம் வைத்தால் உடம்பு முரண்டு பிடிக்கும். பழைய பட்டுத் தையல் நூல்களால் சிலருக்கு ஒவ்வாமை வந்ததற்கு இந்தப் பசையும் ஒரு காரணம்.

மிஞ்சும் பஞ்சை லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தால் கரைந்துவிடும். அப்புறம் உப்பை நீக்க இரண்டு நாள். கடைசியில் வெளிர்மஞ்சளாக ஒரு திரவம். மருந்தை இதில் கலந்து, தட்டில் ஊற்றிக் காயவைத்தால் படலம் தயார்.

ஆனால் அந்தப் படலத்தைத் தண்ணீரில் போட்டால் கரைந்து போகும்! அப்படியானால் மருந்தை நிறுத்தி நிதானமாக வெளியே விடுவது எப்படி? ஃபைப்ரோயினில் கிளைசின், அலனின் என்ற சின்னச் சின்ன அமினோ அமிலங்கள் மாறி மாறி வருகின்றன. உருவம் சிறியது என்பதால் சங்கிலிகள் மடித்து அடுக்கிய புடவை போல நெருங்கிப் படியும். இதைப் பீட்டா தகடு என்பார்கள். படலத்துக்கு நீராவி காட்டினால் இந்த அடுக்குகள் கூடும். கூடக் கூட மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். மெத்தனாலில் முக்கினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் உள்ளே இருப்பது புரத மருந்தாக இருந்தால் அது கெட்டுப்போகலாம். நீராவிதான் என் கட்சி.

சரி, இதே வேலைக்குச் செயற்கைப் பாலிமர் இருக்கிறதே என்பீர்கள். உண்டு. பிஎல்ஜிஏ என்று ஒன்று நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது சிதையும்போது அமிலம் விடும், நுட்பமான மருந்துகளை அந்த அமிலமே கெடுத்துவிடலாம். பட்டு சிதைந்தால் அமினோ அமிலங்களும் சின்னப் புரதத் துண்டுகளும்தான் வரும்.

பட்டிலும் வம்பு உண்டு. கொதிக்கும் நேரம் கூடினால் சங்கிலிகள் அறுந்து, மருந்து வெளிவரும் வேகமே மாறிவிடும். ஒருமுறை பானையை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பார்வைக்குப் பஞ்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அத்தனையையும் குப்பையில் கொட்டினேன்.